கால் கட்டை இறக்கம்

செபமாலை வாசிக்கிற ஆர்மோனியம் சுருதியில் கால் கட்டை இறக்கம். மீமிசல் மாதா கோயிலில் இருபது வருஷம் உப்புக்காற்றைக் குடித்தால் எந்தப் பெட்டிதான் ஒழுங்காக நிற்கும்? பாட்டுக்குழு அதற்கே பழகிவிட்டது. யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல அவள் விட்டதுமில்லை.

அவள் புருஷன் சூசைராஜ் சென்னையில் ஒரு ராக் குழுவில் முப்பது வருஷம் கிதார் வாசித்தவன். குழுத் தலைவன் நிலவழகன் பேஸ் கிதாரோடு முன்னால் நின்று பாடுவான். இவன் பின்னால் இருட்டில் நிற்பான். லீவில் ஊருக்கு வந்து கோயிலில் அவள் பெட்டிக்குச் சேர்த்து வாசித்துவிட்டுப் போனால், கம்பியைத் திரும்ப முறுக்க மறந்து அப்படியே மேடையேறிவிடுவான். "ஒங்க ஊரு சுருதிய ஊர்லயே வச்சிட்டு வாய்யா" என்று நிலவழகன் எல்லார் முன்னாலும் ஏசுவான். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து செபமாலைக்கு உள்ளூர உறுத்தல்தான்.

ஐம்பத்து நாலு வயதில் குழுவை விட்டு வந்து, தனியாக ஓர் ஆல்பம் போட்டான். சீந்த ஆளில்லை. இரண்டாவதை வீட்டு மாடியறையில் பதிவு செய்தான். ஞாயிறு பூசைக்குச் சேர்த்த சுருதியோடு திங்கள்கிழமை உட்கார்ந்தவன், அந்த வாரமே எட்டு உருப்படியையும் முடித்துவிட்டான். அந்த மகராசன் சுருதியை மாற்றிச் சேர்க்கவே இல்லை.

ஆல்பத்தை வெளியிடும் சென்னைக் கம்பெனியிலிருந்து வசந்த் போன் செய்தான்.

"சார், எல்லாமே எறக்கமா இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பியிருக்கேன், கேளுங்க. இதுவும் ஓடலைன்னா அடுத்த ஆல்பம் கெடையாதுன்னுட்டாங்க."

சூசைராஜுக்கு முகம் செத்துவிட்டது. "நீயே கேட்டுச் சொல்லு. எங்காது மேல எனக்கே நம்பிக்கை போச்சு" என்று ஹெட்போனை நீட்டினான்.

செபமாலை இரண்டையும் கேட்டாள். ஏற்றியது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ மூக்கால் பாடுகிற மாதிரி. இறக்கத்தில் கம்பி தளர்ந்து, தொண்டையைத் திறந்து கத்தியது. அதுதான் அவள் புருஷன். ஏற்றச் சொல்லிவிட்டால் அவள் தலையில் பழி விழாது. அவள் போனை வாங்கினாள்.

"தம்பி, ஏத்த வேணாம். இப்படியே விடுங்க. ஓடலைன்னா பழி எம்மேல இருக்கட்டும்."

ஓடியதாவது, பறந்தது! ஒரே மாதத்தில் ஊர்பேர் தெரியாத நாட்டுக்காரனெல்லாம் இது என்ன சுருதி என்று விசாரித்து எழுதினான். மீன் ஏலக்கூடத்தில்கூட அந்தக் கிதார்தான். செபமாலைக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. அதை மறைக்க அவள் மெனக்கெடவுமில்லை.

புதுக்கோட்டையில் கச்சேரி வைத்தார்கள். தானும் வாசிக்கிறேன் என்று நிலவழகனே கேட்டு வந்திருந்தான். பங்குச் சாமியாரிடம் சொல்லி ஆர்மோனியத்தை வேனில் கொண்டுவந்து, மேடை நடுவில் வைத்து, செபமாலையை உட்காரச் சொன்னான் சூசைராஜ்.

"இவ குடுக்குறதுதான் சுருதி. எல்லாரும் சேத்துக்கங்க."

நிலவழகன் கிதாரைத் தூக்கிக்கொண்டு பெட்டியருகே வந்தான். "தங்கச்சி, சரியாக் கேக்கல. இன்னொரு தடவ குடுங்க."

செபமாலை நிதானமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லாக் குனிஞ்சு கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கட்டையை அழுத்தினாள்.