டிக்கெட்டில் ஐந்தாவது பெயர்

பாம்பெர்க் நகரத்துக்குப் போவதென்று முடிவானதும் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய், நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பதினோரு வருடமாக எங்கள் ஐந்து பேருக்கும் ரயில் நேரம் பார்ப்பவள் நான்தான். எந்த ஊரில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், கழிப்பறை எந்தச் சந்தில் இருக்கிறது என்பதுவரை எழுதி வைத்திருப்பேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஐந்து பேர் என்றால் நான் ரோஸ்விதா, அப்புறம் கெர்லிண்டே, மார்கிட், டிராவ்டல், ஹெட்விக். செவ்வாய்தோறும் நகராட்சி நீச்சல்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையையும் காலையும் ஆட்டுகிற கிழவிகள். வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவோம். ஐந்து பேர் ஒரே டிக்கெட்டில் மாநிலம் முழுக்க நாளெல்லாம் சுற்றலாம். போகிறவர்கள் பெயரை அதில் பேனாவால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் ஹெட்விக்குக்கு இடுப்பு எலும்பை மாற்றினார்கள். அவள் இல்லாத குளிர்காலத்தில் பெட்டினா என்று ஒருத்தி குளத்துக்கு வந்து சேர்ந்தாள். ஐம்பத்தெட்டு வயது, கலகலப்பு, காலில் சக்கரம் கட்டிய மாதிரி நடப்பாள். ஆக இப்போது ஆறு பேர்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து நாள் குறிக்கும்போது கெர்லிண்டேதான் அதை வாய்விட்டுச் சொன்னாள். "டிக்கெட்டு அஞ்சு பேருக்குத்தான். ஹெட்விக்கைக் கூட்டிட்டுப் போனா அந்தப் பேராலய மேட்டுல ஏத்தி இறக்குறதுக்குள்ள நமக்குப் பொழுது சாஞ்சிடும்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹெட்விக் எனக்கு எதிர் வீட்டுக்காரி, ஒரே படிக்கட்டு. ஆறாவது ஆளுக்குத் தனி டிக்கெட் வாங்கினால் தீர்ந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அந்த ஊர்த் தெருவெல்லாம் உருட்டுக்கல், அவளுக்குத்தான் கஷ்டம் என்றேன். கல்நெஞ்சத்தை அக்கறை மாதிரி உடுத்தி அனுப்புவதில் நான் கெட்டிக்காரி. பெட்டினாவுக்கு ஹெட்விக் யாரென்றே சரியாகத் தெரியாது. அவள் பாட்டுக்குக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று மாலையே ஹெட்விக் வீட்டுக்குப் போய், இந்த வருடம் பாம்பெர்க் பயணம் இல்லை, யாருக்கும் தோதுப்படவில்லை என்றேன். அவள் தன் கைத்தடியைப் பார்த்தாள்.

"எனக்காகத்தானே நிறுத்திட்டீங்க?" என்றாள். "சொல்லாதே, எனக்குத் தெரியும். நான் இல்லாம போக உங்களுக்கு மனசு வரலை."

அவள் கண் கலங்கியது. எனக்குக் கலங்கக்கூட யோக்கியதை இல்லை.

மறுநாளிலிருந்து படிக்கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டொக், ஒரு காலடி, இன்னொரு காலடி. முப்பத்தாறு படி கீழே, முப்பத்தாறு படி மேலே. காலையில் இரண்டு தரம், மாலையில் இரண்டு தரம். மருத்துவர் சொன்ன பயிற்சியா என்று கேட்டேன். செப்டம்பருக்குள் பாம்பெர்க் மேடு ஏறிக் காட்டுவேன், நீங்கள் எனக்காக விட்டதை நானே திருப்பித் தர வேண்டாமா என்றாள். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டைத் துடைப்பது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை; அவள் முறை வரும் வாரங்களில் துடைப்பது அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான்தான். அதைச் செய்துகொடுப்பதால் பெரிய தியாகி என்று நினைப்பு வேறு. அவள் தடி பதிந்த வட்டங்களை ஈரத்துணியால் அழித்துக்கொண்டே, மனதுக்குள் மதியச் சாப்பாட்டுக்குப் புகைவாசம் அடிக்கும் அந்த ஊர் பீர் கிடைக்கிற கடையா, ஆற்றோரக் கடையா என்று யோசித்திருக்கிறேன். என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. ஆற்றோரக் கடையில் மேசை சொல்லி வைத்தேன்.

போவதற்கு முதல் நாள் சாயங்காலம் டிக்கெட்டை வாங்கி வந்து, சமையலறை மேசையில் வைத்துப் பெயர்களை எழுதினேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. எழுதி முடித்துப் பார்த்தால் ஐந்தாவது பெயர் பெட்டினா இல்லை. ஹெட்விக்.

அடித்துத் திருத்தினால் டிக்கெட் செல்லாது. வேறொன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து வெளியே டொக் டொக் என்று அவள் படியேறி வந்துகொண்டிருந்தாள். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

காலை எட்டு மணிக்கு அவள் கதவைத் தட்டினேன். டிக்கெட்டை நீட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். ஐந்தாவதில் விரல் நின்றது.

"அடி கள்ளி," என்றாள். "பயணம் இல்லைன்னு சொன்னதெல்லாம் நடிப்பா? எல்லாரும் சேர்ந்து எனக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?"

"ஹெட்விக், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"ரயில்ல சொல்லு. முதல்ல இந்தச் செருப்பை மாட்டிவிடு, எனக்குக் குனிய வராது."

நான் மண்டியிட்டுச் செருப்பை மாட்டிவிட்டேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை அங்கே இருக்கும்போது நிஜத்தைச் சொல்லத் துணிவில்லை.

நடைமேடையில் எங்களைப் பார்த்ததும் கெர்லிண்டேயின் முகம் வெளுத்தது. ஹெட்விக் ஒவ்வொருத்தியாகக் கட்டிப் பிடித்து, இப்படி ஒரு பொய்யை எத்தனை வாரம் கட்டிக்காத்தீர்கள் என்று மெச்சினாள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் டிக்கெட்டைக் காட்டினேன். பெட்டினா பெயர்களைப் படித்துவிட்டு, இயந்திரத்திடம் போய்த் தனக்கொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். நேற்று வந்தவள், முப்பது அடி நடந்து காரியத்தை முடித்துவிட்டாள். நாங்கள் ஆறு வாரமாக அதைத்தான் செய்யவில்லை.

பேராலய மேட்டை ஹெட்விக் இரண்டு இடத்தில் நின்று ஏறினாள். கெர்லிண்டே அவள் கையை விடவே இல்லை. பொழுது சாயவில்லை. மேலே ரோஜாத் தோட்டத்தில் உட்கார்ந்து கேக் தின்ன நேரமிருந்தது.

திரும்பும்போது அந்த டிக்கெட்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் வீட்டு வாசலறையில் தொங்குகிறது. தபால்காரர், போதகர், வருகிறவர் எல்லோருக்கும் காட்டுகிறாள், எனக்கு இப்படிப்பட்ட சிநேகிதிகள் என்று. வாரம் தவறாமல் அங்கே போகிறேன். என் கையெழுத்துக்கு முன்னால்தான் செருப்பைக் கழற்றுகிறேன். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் மனசு லேசாகிவிடும், அவள் அந்தச் சட்டத்தைக் கழற்றிவிடுவாள்.