பிடுங்க முடியாத பிளக்

கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள் அவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கின்மேல் வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு வேலை. ஹாலில் இடுப்பளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டு, நடுவே கை வைத்தால் சுடும் ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர். எதிரே ஒற்றை நாற்காலி. கூட்டும்போது அதை யாராவது நாலு விரல் நகர்த்தியிருந்தாலும் உட்கார்ந்த உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஹாரனும் எஞ்சினும் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர். "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டால் "அடடா" என்பார். எந்தப் பாட்டுக்கும் அதே அடடாதான்.

சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டை மாற்றினால் பாட்டே மாறிவிடும் என்று அவள் எங்கோ படித்துவிட்டாள். பழைய பாயிண்ட் லொடலொடத்துப்போயிருந்தது உண்மை. யாராவது தடதடவென்று நடந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். அவள் மூன்று வாங்கிவந்தாள். ஒன்று, எல்லார் வீட்டிலும் இருக்கும் சாதாரண வெள்ளை. இரண்டாவது, ஆஸ்பத்திரியில் கருவிகளுக்குப் போடுவது; கால் தட்டினாலும் பிளக் கழலாதாம். மூன்றாவது, உள்ளே தங்க முலாம் பூசியது. அது வெல்வெட் பெட்டியில் வந்தது.

"கம்மலா அண்ணி?" என்று ஓடிவந்தாள் நாத்தனார். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள்; வேலைக்குப் பக்கம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எந்தக் காதுல மாட்டுறது?" என்றாள்.

எலக்ட்ரீஷியன் வந்து மூன்றையும் ஒரே போர்டில் வரிசையாகப் பதித்துவிட்டுப் போனார்.

"மூணுக்கும் ஒரே ஒயர்லதானே கரண்ட் வருது?" என்றார் கணவர்.

"கடைசி அடி முக்கியம்ங்க. எவ்வளவு நல்ல ரோடா இருந்தாலும் கடைசியில குழி இருந்தா பஸ் தூக்கிப் போடாதா?"

ரோட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டார்.

ஆனால் அவள் நேர்மையானவள். கடையில் கண்ணாடி ஃபிரேமின் பெரிய விலையைப் பார்த்துவிட்டவர்களுக்கு அதைப் போட்டதும் எல்லாமே பளிச்சென்று தெரிவதைத் தினமும் பார்க்கிறவள். அதனால் நாத்தனாரைக் கூப்பிட்டு, "நாங்க ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கிறோம். நீ இஷ்டப்படி மாத்தி மாத்திச் செருகு. எதுல செருகினேன்னு மூச்சு விடக்கூடாது" என்றாள். கணவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதல் சுற்று. அவள் எப்போதும் போடும் ரெக்கார்டுதான்: ஒரு பெண் குரல், கூடவே பியானோ.

"ம்ஹூம். போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

"அடடா" என்றார் கணவர்.

பின்னால் முனகல், வளையல் சத்தம், சுவிட்ச் ஒலி. இரண்டாவது சுற்று.

"ஆங்! குரல் முன்னாடி வந்துடுச்சு. பியானோ தள்ளி உட்கார்ந்துடுச்சு. கேக்குதுங்களா?"

"அடடா, ஆமா."

மறுபடி முனகல், இந்த முறை கொஞ்சம் பலமாக. மூன்றாவது சுற்றில் அவள் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். "ரூமே பெருசாயிடுச்சு! பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாளே, அது கேக்குது பாருங்க! இதான் தங்கம். சந்தேகமே இல்ல." துண்டை உருவி எறிந்தாள்.

நாத்தனார் போர்டுக்குப் பக்கத்தில் வியர்த்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன் அண்ணி. மொதல்ல ஆஸ்பத்திரியில செருகினேன். அப்புறம் பிளக் வரவே மாட்டேங்குது. சும்மா சுவிட்சை மட்டும் அணைச்சு அணைச்சுப் போட்டேன்."

"மூணு தடவையும் அதுலதானா?"

"அதுலதான்."

"பல்லு பிடுங்கற எடத்துல வேலை பார்க்கற," என்றார் கணவர் துண்டுக்குள்ளிருந்தே, "ஒரு பிளக்கைப் பிடுங்க முடியலையா?"

"அங்க மரத்துப்போக ஊசி போடுவாங்க அண்ணா!"

மனைவி எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டுத் தானே இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கணவர் கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். கொஞ்சம் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ அந்த மூச்சு?" என்றாள் அவள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அது மொதல் தடவையே இருந்துச்சு அண்ணி. எனக்கே கேட்டுச்சு."

காது மடல் சிவக்க அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? கேட்டப்போல்லாம் அடடான்னீங்களே!"

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை மெதுவாக அவிழ்த்து மடித்தார். "நான் எங்க கேட்டேன். எனக்கு அந்தப் பொண்ணு பாடறதே பிடிக்காதும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து."

 நாத்தனார் நைசாகச் சமையலறைக்கு நழுவப் பார்த்தாள். அவளால் முடியவில்லை, பாதி வழியில் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கோபமாக நிற்க வேண்டும் என்றுதான் மனைவி நினைத்தாள். ஆனால் மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்போல உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தனை வருஷமா வாயத் திறக்கலியே. சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

அவர் அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு ஒரு ரெக்கார்டை உருவினார். டிரம்பெட்டும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடும் டான்ஸ் இசை. வேறு எதையோ வாங்கியபோது இலவசமாக வந்தது அது. அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் சுவிட்சைப் போட்டு, அதன்மேல் முள்ளைத் தூக்கி வைத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோலத் தரையில் தட்ட ஆரம்பித்தது.

"எப்படி இருக்கு?" என்று இந்தத் தடவை அவர் கேட்டார்.

"சகிக்கல," என்றாள் அவள். "நீங்க இந்த நாற்காலிக்கு வாங்க. அங்கேருந்து கேட்டா டிரம்ஸ் சரியா விழாது."