துடுப்பின் பிறந்தநாளும் ஒரு சிவப்பு விளக்கும்

எனக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் பூட்டு. சும்மா வைக்கவில்லை. கடலும் காற்றும் வெப்பமும் எப்படி நகரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் 'துடுப்பு' என்ற கணினி நிரலை என் அக்கா எழுதினாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் வைத்தாள். திருத்த வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா, ஆளாளுக்கு ஒன்றைச் சொருகினார்கள். அதனால் நான் இரண்டு சட்டம் போட்டேன். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்றே ஒன்று தேறாமல் சிவப்பாக இருந்தாலும் புதிய பதிப்பு வெளியே போகாது. எழுதியவரே தன் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்துக்கொள்ள முடியாது. கடவுளே வந்து கேட்டாலும் இதுதான் பதில் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்குத் துடுப்புக்குப் பத்து வயது. வாடகைக்கு எடுத்த கூடம் நிரம்பி வழிந்தது. வர முடியாதவர்கள் பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். வருடக்கணக்காக எழுத்திலேயே சண்டை போட்டவர்கள் முதன்முதலாக நேரில் பார்த்து, நீங்களா அது என்று தோளைத் தட்டிக்கொண்டார்கள். எனக்கே கால் தரையில் பாவவில்லை.

அக்கா மறுநாள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். வெளி நிரல் எதிலும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே ஒப்பந்தம். ஆக, இந்தப் பிறந்தநாள் பதிப்பை வெளியிடுவதுதான் அவள் துடுப்புக்குச் செய்யப்போகும் கடைசி வேலை. இன்று விட்டால் விட்டதுதான். அவள் கையால்தான் அது போக வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, பல் டாக்டர். கேக்கை எப்போது வெட்டலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் இனிப்பைத் தொடாதே என்கிற மனுஷன். பதிப்பு போன பிறகுதான் என்று அவரை அடக்கிவிட்டு, எல்லாச் சோதனைகளையும் கடைசியாக ஒருமுறை ஓட விட்டேன். பச்சை பச்சையாக வந்துகொண்டே இருந்தது. ஒன்று மட்டும் சிவப்பாக வந்தது.

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பூட்டு தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டதை ரசிக்காமல் விடுவார்களா?

காலையில் கடைசியாகத் திருத்தம் சேர்த்தவர், வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். நான் நேராக அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் தன் திருத்தத்தை அங்கேயே நீக்கிக் காட்டினார். அப்போதும் சிவப்புதான். சந்தேகத்துக்கு நேற்றைய நிரலை அப்படியே எடுத்து ஓட்டினேன். நேற்று முழுக்கப் பச்சையாக ஓடியது அது. ஓர் எழுத்துகூட மாறவில்லை, இன்று சிவப்பு.

திரையிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி, இந்த ஒரு சோதனையை இன்றைக்கு மட்டும் விட்டுவிடலாமே என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை, நான் சங்கடப்படக் கூடாது என்று. ஆனாலும் முடியாது என்றேன்.

திட்டு வாங்கிய வானிலைக்காரர்தான் வாயைத் திறந்தார். "எழுத்து மாறலைன்னா வேற ஏதோ மாறியிருக்குங்க. நேத்துக்கும் இன்னைக்கும் தேதி மட்டும்தானே மாறிச்சு?"

சோதனையைத் திறந்து பார்த்தோம். துடுப்பு வரப்போகும் நாளுக்குத்தான் கணிப்புச் சொல்லும், வந்துவிட்ட தேதியைக் கொடுத்தால் மறுத்துவிடும். அதைச் சோதிக்க, எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு நாள் என்று யாரோ ஒரு தேதியை எழுதி வைத்திருந்தார்கள். அது இன்றைய தேதி. எழுதியவர் யார் என்று பார்த்தால், சாட்சாத் அக்கா. துடுப்பு பிறந்த அன்றைக்கே எழுதியிருக்கிறாள்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ரொம்பத் தூரத்துல இருக்கட்டும்னு போட்டேன்டி. இது பத்து மாசம் தாங்கினாலே பெரிசுன்னு அப்ப நெனச்சேன்."

முன்வரிசையிலிருந்து திரைக் கட்டங்கள் வரை கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

தேதியை அக்காவே மாற்றி எழுதினாள். சோதனைகள் மறுபடி முதலிலிருந்து ஓடின. கூடத்துக்காரர் வேறு வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்று நினைவூட்டிப் போனார். யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. மாமா கேக்கின் ஓரத்தை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்ததை நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். கடைசிச் சோதனையும் பச்சையானது. பாக்கி என் ஒப்புதல் மட்டும்தான்.

திருத்தத்தைத் திறந்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்த நாளில் ஓட்டினாலும் அதற்கு மறுநாளை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இனி எப்போதும் வராது. அவளுக்கு அது தெரியாதா என்ன? அதை விட்டுவிட்டு, இன்றிலிருந்து சரியாக நூறு வருடம் தள்ளி ஒரு தேதியைப் போட்டிருந்தாள்.

"இதுக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன்க்கா," என்றேன். "நூறு வருஷம் கழிச்சு, இதே மாதிரி யாராவது தலையைப் பிச்சுக்கிட்டு நின்னு நம்மளைத் திட்டுவாங்க."

"திட்டட்டுமே," என்றாள் அக்கா. "திட்டுறதுக்கு அன்னைக்கு ஒரு ஆள் இருக்கணும்ல."

நான் மறுபடி அந்தத் தேதியைப் பார்த்தேன். நாளையிலிருந்து இதைத் தொடக்கூட முடியாதவள், அவ்வளவு தொலைவில் யாரோ ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நம்பி ஒரு தேதி எழுதியிருக்கிறாள். எனக்குக் கண்ணீர் மறைத்தது, எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை.

ஒப்புதல் தருகிறவர் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுத வேண்டும். வழக்கமாக 'சரி' என்பதோடு முடித்துக்கொள்வேன். அன்றைக்கு இப்படி எழுதினேன்: 'இதை அன்று திறந்து பார்ப்பவருக்கு, தப்பு எங்களுடையதுதான். தெரிந்தே செய்தோம். ஆசை தீரத் திட்டுங்கள்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிப்பை வெளியிடும் பொத்தானை அழுத்தினாள்.