யாரும் வராத கருத்துக்கேட்புக் கூட்டம்

இருநூறு நாற்காலி, மூன்று ஆள். நகராட்சிக் கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. அதன் கீழேயே லத்தியோடு போலீஸ். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று காலையில்தான் தடை உத்தரவு போட்டிருந்தார் ஊரை நிர்வகிக்கும் அதிகாரி. கூட்டத்தைக் கூட்டியவரும், அதற்குத் தலைவரும் அவரேதான். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

நான் சுருக்கெழுத்தர். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூடத்தில் பேசியதையெல்லாம் எழுதியவள். ஊரின் குடிநீர் நிலையத்தை முப்பது வருஷத்துக்கு ஒரு கம்பெனியிடம் கொடுக்கப் போகிறார்கள். ஊராரைக் கேட்காமல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. என் குறிப்பில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி ஏறிவிட்டால் கதை முடிந்தது. அந்த நிலையத்தில்தான் என் வீட்டுக்காரர் மோட்டார் ஓட்டுகிறார். அவரோடு எண்பது பேர். கம்பெனியின் புதுப் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் உள்ளே தள்ளப் புதுச் சட்டமும் வந்துவிட்டது.

காலையில் நான் செருப்பு மாட்டும்போது அவர் கேட்டார். “நீ எழுதித்தான் ஆகணுமா?”

“நடந்ததை எழுதுவேன். நடக்காததை எழுத மாட்டேன். போயிட்டு வரேன்.”

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் வேலை எனக்குத் தெரியும்.

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. தலைவர் மணி அடித்தால் கூட்டம் தொடங்கியது, மறுபடி அடித்தால் முடிந்தது. நடுவில் பேசும் ஒவ்வொரு சொல்லும் குறிப்பில் ஏற வேண்டும், இருமலைத் தவிர. அதிகாரி மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். கம்பெனி மேனேஜர் செல்போனைத் தூக்கியதும், போட்டோவுக்காக மணியை ஓங்கி அடித்தார். நான் பென்சிலை எடுத்தேன்.

“நாற்காலியெல்லாம் காலியா தெரியுதே சார்,” என்றார் மேனேஜர்.

“என்னை மட்டும் எடுங்க. நானூறு பேர் மனுவோட வந்தாங்க. போலீஸை விட்டுத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“அதான் சார் இந்த ஊரு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. முன்னெல்லாம் முதல் போட வந்தா ஊர்வலம், கோஷம். இப்ப கண்டிப்பான ஆட்சி.”

“வியாபாரம் சுதந்திரமா நடக்கணும்னா ஜனங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும் சார்.” அதிகாரி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஆட்சேபணை இல்லைன்னு போட்டுடு.”

அதையும் எழுதினேன். மணியை அடித்துவிட்டு எழுந்தார்.

தட்டச்சு செய்து கொண்டுபோனபோது சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “படிச்சுக் காட்டட்டுமா சார்?” என்று விதிப்படி கேட்டேன்.

“வேண்டாம்மா. உன் வேலையில தப்பு வருமா என்ன?”

வராது. டிக் போட்டிருந்த நான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

குறிப்பை அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டியாக வேண்டும். நானே பசை தடவி ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் வந்து படிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து ஐந்து பேராகத்தான் வந்தார்கள், உத்தரவை மீறக் கூடாதே!

அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். “என்னம்மா எழுதி வச்சிருக்க?”

“நீங்க பேசினது சார். ஒரு சொல்லுகூட விடலை.”

“கிழிச்சுப் போடு!”

“உங்க கையெழுத்து இருக்கு சார். வேணும்னா நீங்களே கிழிங்க.”

ஐந்து செல்போன்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை பலகைவரை போய்த் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் கூட்டம் செல்லாது என்று பத்தாம் நாள் மேலிடமே அறிவித்தது. தடை உத்தரவு இல்லாமல் மறு கூட்டம் நடத்தச் சொல்லிவிட்டார்கள். எனக்கு சஸ்பென்ஷன். வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“இனி என்ன பண்ணப் போற?”

சுருக்கெழுத்தர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் நான் திறக்கவில்லை. இப்போது அந்தத் தடையை அவர்களே நீக்கிவிட்டார்கள். மறு கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் நான்.