செயப்பாட்டு வினையில் ஒரு சண்டை

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து கிடைத்தது. எங்கள் கணபதிப் பகுதியில், லேத்துப் பட்டறைக்கு மேலே, ஜெரோம் சாரும் அவர் மனைவி பொற்கொடி மிஸ்ஸும் டியூசன் நடத்துகிறார்கள். சார் கணக்கு, மிஸ் இங்கிலீஷ். அங்கே படிக்கும் பத்தாம் வகுப்பு கனிஷ்கா சொன்னது முக்கால்வாசி. மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மார்ச் மாத வெயில், முக்கோணத்தின் கர்ணம்போலச் சாய்ந்து —’

(வெயில் எங்கேயாவது கர்ணம்போலச் சாயுமா? அடித்துவிட்டேன்.)

2

அரையாண்டில் இரண்டு பாடத்திலும் கோட்டை விட்டவள் கனிஷ்கா. பொதுத்தேர்வு கழுத்துக்கு வந்துவிட்டது. அன்று திருப்புதல் வகுப்புக்கு வந்தவள், மிஸ்ஸின் ஸ்கூட்டரில் துணிமணி திணித்த பை தொங்குவதைப் பார்த்தாள். அவிநாசியில் மிஸ்ஸுக்கு அம்மா வீடு. மிஸ் அங்கே கிளம்பிவிட்டால் இங்கிலீஷ் கதி?

மிஸ் போர்டில் எழுதினார்: ‘மை ஹஸ்பெண்ட் ரெஃப்யூஸ்டு த ஜாப்.’ செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டும்.

பக்கத்திலிருந்த ஹிபா காதைக் கடித்தாள். “ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஸ்கூல்ல மிஸ்ஸுக்கு வேலை கெடச்சுதாமா. அவங்க போனை சார் எடுத்து, அவங்களுக்கு இஷ்டமில்லீங்கன்னு சொல்லிப்போட்டாராம்.”

கனிஷ்கா எழுந்தாள். “த ஜாப் வாஸ் ரெஃப்யூஸ்டு பை மை ஹஸ்பெண்டுங்க மிஸ்.”

“கரெக்ட்.”

“ஏனுங்க மிஸ், கடைசில வர்ற ஹஸ்பெண்டை விட்டுடலாமுங்களா?”*

“விட்டுடலாம் கண்ணு. நானும் அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன்.”

* செய்தவர் யாரென்று ஊருக்கே தெரிந்திருந்தால் அவரைச் சொல்லாமல் விடலாம். இலக்கணத்தில்தான்.

3

(ஜெரோம் சாரை வில்லனாக்கிவிடலாமா என்று பார்த்தேன். ஒட்டவில்லை. டியூசனை ஒற்றை ஆளாக இழுக்க வேண்டுமே என்று பயந்துபோன மனிதர், அவ்வளவுதான். பயந்தவர்கள் செய்கிற அநியாயமும் அநியாயம்தான் என்பதை இங்கே —

சரி, கதைக்கு வருகிறேன்.)

அடுத்தது கணக்கு. சார் போர்டில் எழுதினார்: ‘10√3 மீட்டர் உயர மாடியில் நிற்கும் ஒருவர், தன் மனைவி ஸ்கூட்டரில் விலகிச் செல்வதைக் காண்கிறார். இறக்கக்கோணம் 60°-லிருந்து 30° ஆவதற்குள் அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள்?’

பின்பெஞ்சில் மிஸ் விடைத்தாள் திருத்துவதுபோல உட்கார்ந்திருந்தார்.

கனிஷ்காவுக்கு அன்றுதான் இறக்கக்கோணம் உண்மையாகவே புரிந்தது. படம் போட்டாள். ஸ்கூட்டருக்குக் கண்ணாடிகூட வைத்தாள்.

“இருபது மீட்டருங்க சார்.”

“ம்.”

“கூப்பிட்டாக் கேக்குற தூரந்தானுங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை. திரும்பி, கணக்குக்கு மட்டுமே பழகிய கையால் போர்டில் இங்கிலீஷ் எழுதினார்: ‘ஐ ஆம் ராங், இஸிண்ட் இட்?’

மிஸ் எழுந்து வந்தார். ‘இஸிண்ட் இட்’டை அடித்து ‘ஆரன்ட் ஐ’ என்று திருத்தினார்.

“மன்னிச்சுட்டியா அம்மணி?”

“கிராமரைத் திருத்துனேனுங்க.”

“நானே அந்த ஸ்கூலுக்குப் போனைப் போட்டு, சொன்னது தப்புன்னு சொல்லிப்போடறேன்.”

“எனக்கு வந்த வேலை, என்ற போனுங்க. நானே பேசிக்கறேன்.”

போனை எடுத்துக்கொண்டு மிஸ் படியிறங்கினார்.

4

முடிவு (அ): மிஸ் வேலைக்குப் போகிறார், டியூசனுக்குப் பூட்டு.

முடிவு (ஆ): வேலை வேண்டாமென்கிறார், சார் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு — (சே!)

இரண்டையும் கனிஷ்காவிடம் காட்டினேன். “ஏனுங்க, பகல்ல ஸ்கூலு, சாயங்காலம் டியூசன்னு இருக்கக்கூடாதுங்களா? எதுக்கு ரெண்டுல ஒண்ணுன்னே எழுதறீங்க?” என்றாள்.

“சரி, மிஸ் போன்ல என்னதான் சொன்னாங்க?”

“லேத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க.”

முடிவு (இ) என்று எழுதி, மிஸ்ஸின் வாயில் ஒரு பதிலை வைக்கப்போனேன். கை நின்றுவிட்டது. அவருக்காக இன்னொருவர் பதில் சொன்னதால்தானே இத்தனை கூத்தும்? நான் அதைச் செய்வதாக இல்லை. உங்களுக்குக் கை துறுதுறுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அவரைக் கேட்டுவிடுங்கள்.