மேசைக்கடியில் ஒரு பிரேக்

டிரைவிங் வாத்தியாருக்கும் அவருடைய மூத்த மருமகளுக்கும் ஆகாது என்றுதான் தெருவில் பேச்சு. அவளுக்கு அவர் காரோட்டக் கற்றுக்கொடுத்தபோது போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டதே! புருஷன் போன பிறகும் மாமனாரோடேயே கிடக்கிறாள் என்றால் வீட்டின்மேல் கண், வேறென்ன? தீர்ப்பும் சொல்லியாயிற்று.

அவ்வளவு துப்புத் துலக்கும் தெருவுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே வாத்தியாருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பாள். ஒரு மிதி என்றால் ஆமாம், இரண்டு மிதி என்றால் இல்லை. பழகும் காரில் வாத்தியார் பக்கம் தனி பிரேக் இருக்குமே, அந்த மாதிரி. யோசனையும் அவருடையதுதான்.

அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வீட்டை விற்கப்போவதாகச் சின்ன மகன் போனில் சொன்ன அன்று அவர் தெளிவாக இருந்தார்.

"எனக்குப் புத்தி தப்பிட்டா எல்லாத்தையும் நீதான் முடிவு பண்ணணும். அவன் கையில விட்டுடாதம்மா. வக்கீல்கிட்ட எழுதிடலாம்."

"உப்பு போடவே தெரியலன்னு நேத்துதானே திட்டினீங்க மாமா?"

"உப்பு வேற, உசுரு வேற."

அடுத்த வாரமே போனார்கள். வக்கீலம்மாவின் மேசை முழுக்கக் கண்ணாடி. பதற்றத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உங்க சின்ன மகன்கிட்ட இந்தப் பொறுப்பைக் குடுக்கலாமா ஐயா?"

வாத்தியாரின் முகம் துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. அவள் கால் தானாகப் போனது. இரண்டு மிதி.

"கூடாது" என்றார், கம்பீரமாக.

வக்கீலம்மா மேசைக் கண்ணாடி வழியே கீழே அவர்கள் கால்களைப் பார்த்தபடி பேனாவை மூடினார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"ஐயோ மேடம், அது பழக்கம்..."

"அதான் பயமா இருக்கு."

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மறுபடி அதே கேள்வி. வாத்தியாரின் கால் தரையில் இங்குமங்கும் துழாவியது. யாரும் மிதிக்கவில்லை.

"ஆமாம்" என்றார் கடைசியில், மரியாதைக்கு.

எழுத முடியாது என்று வக்கீலம்மா கையை விரித்துவிட்டார். இனிமேல் கோர்ட்டுதான், அங்கே பெற்ற பிள்ளை இருக்க மருமகளை யார் கேட்பார்கள்?

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.

"எழுதியாச்சாம்மா?"

"ஆச்சு மாமா."

நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். சிக்னல் வந்ததும் பழைய ஞாபகத்தில் தன் பக்கத்து வெறுந்தரையை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது.

"பாத்தியா, நான் இருக்கேன்ல" என்றார்.