கட்டைவிரல் வலி

பேரனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் மூட்டை. பத்து மாதத்தில் பதினோரு கிலோ. பேத்திக்கு ஆறு வயது, அவள் வக்கீல். பல் தேய் என்றால், "நேத்து தேய்ச்சதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். காலை ஏழரை மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிப் போனால், மாலை ஆறு மணி வரை மூட்டையைக் கட்டி மேய்ப்பது பாட்டியின் பொறுப்பு. மத்தியானம் பள்ளி விட்டு வந்த பிறகு வக்கீலும் சேர்ந்துகொள்வாள்.

பாட்டிக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். இந்தத் தெரு இந்தப் பெட்டி, அந்தத் தெரு அந்தப் பெட்டி. சாயங்காலம் எல்லாப் பெட்டியும் காலியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி மலையாகக் குவிந்து கிடக்கும். ஓய்வு பெற்ற மாதத்தில் ஒரு பத்திரிகையில் ஒட்டுத்துணிப் போர்வையின் படத்தைப் பார்த்தாள். துண்டு துண்டாக வெட்டிய துணியைக் கையாலேயே சேர்த்துச் சேர்த்துத் தைப்பது. நம்மால் ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

வேலை ஒன்றும் மாயம் இல்லை. பழைய நோட்டு அட்டையை உள்ளங்கை அளவுக்கு அறுகோணத் துண்டுகளாக வெட்ட வேண்டும். அதன் மேல் துணியை மடித்து ஒரு இழை ஓட்டி நிறுத்த வேண்டும். அப்படி மடித்த இரண்டு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு அட்டையை உருவி எடுத்துவிடலாம். தெருமுனைத் தையல்காரர் மிச்சத் துணிகளைப் பை நிறைய கொடுப்பார். மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பலா, கத்தரிப்பூவா என்று முடிவு செய்யவே அவளுக்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளும் சுகமாக இருக்கும். பால் காய்ச்சும்போதும், மூட்டையின் துணியை அலசும்போதும் மனசுக்குள் சாம்பலை எடுத்து வைத்துப் பார்ப்பாள், எடுத்துவிட்டுக் கத்தரிப்பூவை வைத்துப் பார்ப்பாள்.

தைப்பதற்கு வாய்ப்பது மத்தியானத்தில் முக்கால் மணி நேரம். மூட்டை தூங்குவான், வக்கீல் பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நானூறு துண்டில் இருநூற்று அறுபது முடிந்திருந்தது. யாருக்கு இந்தப் போர்வை என்று மகள் ஒருமுறை கேட்டாள். "யாருக்கும் இல்ல, எனக்குத்தான்" என்றாள். சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வலி வந்தது வலது கட்டைவிரலின் அடியில். முதலில் காலையில் மட்டும் சுள்ளென்றது. பிறகு பாட்டில் மூடியைத் திருகும்போது, பிறகு சாவியைத் திருப்பும்போது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளரைக் கைமாற்றிப் பிடிப்பதை மகள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா கையில?"

"ஒண்ணும் இல்ல. லேசா வலி."

"லேசாவா? மூஞ்சி சுண்டிப் போகுது. இதெல்லாம் அந்த ஊசி நூலாலதான். நாள் முழுக்க அதைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்?"

நாள் முழுக்க என்ற சொல் பாட்டியின் காதில் கொஞ்ச நேரம் நின்றது. முக்கால் மணி நேரம்டி என்று சொல்ல வந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையில்தான் கால் நீட்டி உட்காருகிறாள்.

மருமகன், லிஃப்ட் மெக்கானிக், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்க அத்தை" என்றார்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதி பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கட்டைவிரலை உள்ளே மடித்து முஷ்டி பிடிக்கச் சொன்னாள். அப்படியே மணிக்கட்டைக் கீழே சாய்க்கச் சொன்னாள். பாட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தையல் வேலை பண்றேம்மா. அதனாலதான்னு வீட்ல சொல்றாங்க" என்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி. சில நாள் அதுவும் கிடையாது."

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"இருக்கான். பதினோரு கிலோ."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு தலையணையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுதான் உங்க பேரன். எப்படித் தூக்குவீங்க, தூக்கிக் காட்டுங்க."

பாட்டி இரண்டு கட்டைவிரலையும் விரித்து, அக்குளில் கொடுத்துத் தூக்குகிற மாதிரி தலையணையை வாரி எடுத்தாள்.

"இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

பாட்டி எண்ணிப் பார்த்தாள். தொட்டிலிலிருந்து, தரையிலிருந்து, குளியல் தொட்டியிலிருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

"இது தையலால வந்ததில்லம்மா. பிள்ளை தூக்குறதால வந்தது. புதுசா பிள்ளை பெத்தவங்கதான் இந்த வலியோட எங்ககிட்ட நிறைய வருவாங்க."

"அறுபத்தொரு வயசுல என்னைப் பிள்ளை பெத்தவளாக்கிட்டியேம்மா" என்றாள் பாட்டி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் சிரிக்கவில்லை. கட்டைவிரலை அசையாமல் பிடித்துவைக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். ஆறு வாரம் போட வேண்டும், அந்த ஆறு வாரமும் குழந்தையைத் தூக்கவே கூடாது என்றாள். வலி அடங்கியதும் தையலை மெல்லத் தொடங்கலாம், அது பிரச்சினை இல்லை.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வக்கீல் பிறந்தபோது மகள் வேலையை விட்டாள். திரும்பப் போக நாலு வருடம் ஆனது. போனபோது அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் அவளுக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி மகள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் மட்டும் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்துவிட்டாள். இந்த முறை மூட்டைக்கு ஆறு மாதம் ஆனதுமே, "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னது பாட்டிதான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு முடியாது என்பது? சொந்தப் பேரனைத் தூக்கக் கை வலிக்கிறது என்று யாராவது வாய் திறந்து சொல்வார்களா?

வீட்டு வாசலில் பட்டையைக் கைப்பையின் அடியில் திணித்தாள்.

"என்ன சொன்னாங்க?" மகள் கேட்டாள்.

"ஊசியைக் கொஞ்ச நாளைக்குக் கீழ வைக்கச் சொன்னாங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல?" மகளின் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் அதிகம் உறுத்தியது. துணிப்பை, நூல்கண்டு, கத்தரி, முடிந்த இருநூற்று அறுபது துண்டு, எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள் மகள். "கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது உனக்கு."

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தைப் பாட்டி எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை என்னவோ அதே வேலைதான். ஆனால் முன்பெல்லாம் காலையிலிருந்தே அந்த முக்கால் மணியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது மூட்டை தூங்கினால் அவளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வரவில்லை, ஆனால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் மகள் வந்து நின்றதும் குழந்தையைக் கொடுத்துவிட்டு நேரே போய்ப் படுத்தாள். வலியோ மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறிவிட்டது.

வக்கீல் மட்டும் ஒருநாள் வழக்கை எடுத்தாள். "பாட்டி, தைச்சா வலிக்கும். இப்ப நீங்க தைக்கல. அப்புறம் ஏன் வலிக்குது?"

"மெதுவாத்தான் போகும் கண்ணு."

"போகல. கூடியிருக்கு. நேத்து பிஸ்கட் டப்பாவைப் பல்லால திறந்தீங்க."

"போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டினாள் பாட்டி. பதில் இல்லாத நேரத்தில் பெரியவர்களுக்கு இருக்கிற ஒரே வசதி அது.

ஒரு புதன்கிழமை, பதினொரு மணி வாக்கில், மூட்டையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியில் அரை சாண் தண்ணீர். அவன் கையால் அடித்து அவளை முழுக்க நனைத்திருந்தான். "போதும்டா என் தங்கமே" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதி தூரம் வந்தான். அங்கே வைத்துக் கட்டைவிரல் வெட்டி இழுத்தது. கை தானாகவே விரிந்துவிட்டது. சோப்பு வழுக்கியது. மூட்டை தொட்டிக்குள் விழுந்து, விளிம்பில் நெற்றி இடித்து, ஒரு கணம் முகம் தண்ணீருக்குள் போனது.

இடது கையால் எப்படி வாரி எடுத்தாள் என்று தெரியவில்லை. அவன் மூச்சை இழுத்தான். பிறகு வீடே இடிகிற மாதிரி அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவன் அழுது ஓய்ந்து அவள் புடவை நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்த பிறகும் அவனை மடியை விட்டு இறக்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் போனை எடுத்தாள்.

"என்னம்மா இந்த நேரத்துல?" பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"கீழ விட்டுட்டேன்டி. தொட்டியில. நல்லா இருக்கான், நெத்தியிலதான் வீங்கியிருக்கு. நீ வா. கை தையலால வலிக்கல. இவனைத் தூக்கித் தூக்கித்தான். அந்தப் பொண்ணு அன்னைக்கே சொன்னா. நான்தான் உங்கிட்ட மறைச்சேன்."

மகள் அரை மணியில் வந்தாள். முதலில் பிள்ளையைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள், டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தாள். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து அவனைத் தூங்கப் போட்ட பிறகுதான் அம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

"மூணு வாரம் பொய் சொல்லியிருக்க."

"உன் வேலை..."

"என் வேலைக்காக உன் கையை உடைச்சுக்கோன்னு நான் சொன்னேனா? நானும் கூறு இல்லாம உன் பெட்டியைத் தூக்கி மேல வச்சேன். எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா நீ?"

"சொன்னா நீ வேலையை விட்டிருப்ப."

"விட்டிருப்பேனோ என்னவோ. அதை நான்தானே முடிவு பண்ணணும்?"

பாடத்தைப் படி என்று இவளை விரட்ட முடியாது. "எனக்கு முடியலடி" என்றாள். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது மகளுக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் கைப்பையைக் கவிழ்த்துப் பட்டையைத் தேடி எடுத்து, அம்மாவின் கையில் மாட்டி இறுக்கினாள். கொஞ்சம் கோபமாகத்தான் இறுக்கினாள்.

யாரும் வேலையை விடவில்லை. மருமகன் தன் அலுவலகத்தில் என்ன பேசினாரோ, காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தார். பத்து மணி வரை அவர் பார்த்துக்கொள்வார். பத்திலிருந்து மூன்று மணி வரை நாலு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம். மூன்றிலிருந்து ஆறு வரை பாட்டி, ஆனால் தூக்கக் கூடாது. முதல் நாள் காப்பகத்து வாசலில் மூட்டை போட்ட அலறல் தெருவுக்கே கேட்டதாம். மருமகன் வந்து, "அங்க இருக்கிற ஆயா என்னைவிட பயந்துட்டாங்க அத்தை" என்றார். நாலாம் நாள் அவனே கையை நீட்டி அந்த ஆயாவிடம் தாவினான். பாட்டிக்கு நிம்மதியாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

காலியான வீட்டில் முதல் வாரம் முழுக்க அவள் தூங்கினாள். பத்தரைக்குப் படுத்தால் மத்தியானம் எழுந்திருப்பாள். எத்தனை வருடத்துத் தூக்கமோ, கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி வந்தது. ஆறு வாரம் பட்டை. ஏழாவது வாரம் மருமகன் பெட்டியை இறக்கித் தந்தார். இருநூற்று அறுபத்தோராவது துண்டைச் சேர்க்கும்போது தையல் பெரிதும் சின்னதுமாகக் கோணிக்கொண்டு போனது. பிரித்துப் போடலாமா என்று பார்த்தாள். யார் பிரிப்பது என்று அப்படியே விட்டாள். கால் மணியில் கட்டைவிரல் போதும் என்றது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அடுத்தது பச்சையா நீலமா என்று யோசித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள்.

மூன்று மணிக்குக் காப்பகத்திலிருந்து அழைத்து வருவது இப்போது அவள் வேலைதான். தள்ளுவண்டி எடுத்துப் போவாள். ஆனால் மூட்டைக்கு ஒரு வயதாகி நடை வந்துவிட்டது. வண்டியில் உட்கார மாட்டேன் என்று கால் உதைத்து இறங்கிவிடுவான். அவனுடைய ஒரு விரலைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு கேட்டிலும் நிற்பான். ஒவ்வொரு எறும்புக்கும் குனிவான். பின்னால் பள்ளிப்பையோடு வரும் வக்கீல், "இப்படி நடந்தா நாளைக்குத்தான் வீடு வரும்" என்பாள்.

"வரட்டும், என்ன அவசரம்" என்பாள் பாட்டி. கால் வலிக்கும். பாதி வழியில் ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். மூட்டை எதிரில் நின்று இரண்டு கையையும் தூக்கி, தூக்கு என்று நீட்டுவான். அவள் தூக்க மாட்டாள். அவன் முகத்தைக் கிட்டே இழுத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "நட ராசா, இன்னும் ரெண்டு தெருதான்" என்று மெல்ல எழுந்திருப்பாள்.